குழந்தைக்குத் தகுதி இருக்கிறது, கவர்தான் வந்து சேரவில்லை

அமெரிக்காவில் எல்லாமே தனியார் காப்பீடு, காசு இல்லாதவனுக்கு வைத்தியமே கிடையாது என்று ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்கள் விஷயத்தில் அதில் பாதி உண்மை. பிள்ளைகள் விஷயத்தில் அப்படி இல்லை. 1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்ட, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டும், 1997-இல் அதற்கு மேலே கட்டிய சிப் என்ற குழந்தைகள் காப்பீட்டுத் திட்டமும் சேர்ந்து, இந்த நாட்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்கின்றன. பணத்தை மத்திய அரசும் மாநிலமும் பங்கு போட்டுக்கொள்ளும். நடத்துவது மாநிலம்.

இதில் சேர்வதற்குப் படும் பாட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சேர்ந்த பிள்ளை நீடிக்கிறதா என்பதுதான் நான் வேலையில் அன்றாடம் பார்ப்பது. ஒரு குழந்தைகள் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் போட்டுத் தட்டினால் காப்பீடு நடப்பில் இருக்கிறதா, நின்றுவிட்டதா என்று திரையில் வந்துவிடும். பல நேரம் பெற்றோருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் மாநிலத்து அட்டையில் காலாவதித் தேதி அச்சடிப்பதில்லை. அதனால் அட்டை பர்ஸில் பத்திரமாக இருக்கும்வரை காப்பீடும் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள்.

இளைப்பு நோய் உள்ள ஒரு பையன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவான். அந்தத் தடவை தட்டிப் பார்த்தேன், முந்தின மாதக் கடைசியோடு நின்றிருந்தது. அவன் அம்மாவிடம் சொன்னேன். கோபப்படவில்லை, அழவில்லை. கைப்பையிலிருந்து அதே அட்டையை எடுத்து மறுபடி என் பக்கம் நகர்த்தினார். "போன தடவை இதைத்தானே கொடுத்தேன்?" அவருக்கு வேலையும் அதேதான், சம்பளமும் அதேதான், வீடு மட்டும் மாறியிருந்தது. வாடகை ஏறியதால் அதே ஊரில் நாலு தெரு தள்ளிப் போயிருக்கிறார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கவர் பழைய வீட்டுக்குப் போய், அங்கிருந்து திரும்பிப் போயிருக்கிறது.

பிள்ளைக்கு இன்னும் தகுதி இருக்கிறதா என்று புதுப்பிக்கும்போது பார்க்கும் இந்தச் சோதனை, சட்டப்படி நடக்க வேண்டிய முறை மோசமில்லை. பராக் ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகள் 2014-இல் இருந்து நடப்பில் இருக்கின்றன. வருமானத்தை வைத்துத் தகுதி பெறுகிறவர்களை 12 மாதத்துக்கு ஒரு முறைதான் முழுசாகச் சோதிக்கலாம். அதிலும் முதல் வேலை அரசுடையது. தொழிலாளர் துறையிடம் இருக்கும் சம்பளக் கணக்கு, உணவு மானியத் துறையின் கோப்பு, சமூகப் பாதுகாப்புத் துறைத் தகவல் என்று தன் கையில் இருப்பதை வைத்தே தகுதியை உறுதிப்படுத்திக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அதோடு சரி. "உங்கள் பிள்ளைக்கு இன்னொரு வருடம்" என்று ஒரு கடிதம் மட்டும் வரும். பெற்றோர் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

முடியாவிட்டால்தான் படிவம். தெரிந்த விவரங்களை அரசே நிரப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். படிவம் வராவிட்டால் நிறுத்தப் போவதாக 10 நாள் முன்னறிவிப்பு. நின்ற பிறகும் 90 நாளுக்குள் படிவம் வந்துவிட்டால் புது விண்ணப்பம் கேட்காமல் அதையே எடுத்துப் பார்க்க வேண்டும். மெடிக்கெய்டு வரம்பை விட வருமானம் கொஞ்சம் ஏறியிருந்தால் பிள்ளையைக் கைவிடாமல் சிப் பக்கம் மாற்றிவிட வேண்டும்.

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் படியில் அரசின் கணினி வழுக்கினால், மற்ற எல்லாமே தபால்காரர் கையிலும் தொலைபேசி வரிசையிலும் போய் நின்றுவிடுகிறது. அம்மாவிடம் ஒரு நாள் போனில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். "அப்ப நம்ம வி.ஏ.ஓ. ஆபீஸ்ல வருமானச் சான்றிதழ் வாங்குற மாதிரிதானேடி?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வி.ஏ.ஓ.கிட்டயாவது நேர்ல போய் நிக்கலாம்" என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

கொரோனா வந்தபோது மூன்று வருடம் இந்தச் சோதனையே ஓய்ந்திருந்தது. மார்ச் 2020-இல் வந்த சட்டம், மெடிக்கெய்டில் இருக்கும் யாரையும் நீக்காமல் இருந்தால் மாநிலங்களுக்கு மத்தியப் பங்கை 6.2 சதவீதப் புள்ளி கூட்டித் தருகிறேன் என்றது. மாநிலங்கள் சம்மதித்தன. 2022 டிசம்பர் கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட பட்ஜெட் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. 31 மார்ச் 2023-க்குப் பிறகு நீக்கலாம். ஒன்பது கோடிக்கும் மேற்பட்டவர்களின் கோப்புகளை வரிசையாகத் திறந்து பார்க்கும் வேலை தொடங்கியது.

அடுத்த ஒன்றரை வருடம் எங்கள் மேஜையில் எப்படி இருந்தது என்று விவரிக்கப் போனால் பதிவு முடியாது. மொத்தக் கணக்கைச் சொல்கிறேன். கே.எஃப்.எஃப். ஆய்வு நிறுவனம் மாநிலங்களின் அறிக்கைகளைத் திரட்டிப் பார்த்ததில், 2.5 கோடிப் பேருக்கும் மேல் நீக்கப்பட்டிருந்தார்கள். அதில் 69 சதவீதம் பேர் நீங்கியது நடைமுறைக் காரணத்தால். அதாவது வருமானம் கூடிவிட்டது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. படிவம் வரவில்லை, சம்பளச் சீட்டு இணைக்கவில்லை, கையெழுத்து இல்லை. தகுதி இல்லை என்று தீர்மானித்தா நீக்கினார்கள்? இல்லை, தீர்மானிக்கிற இடம் வரைக்கும் வந்து சேராமலே நீக்கினார்கள்.

இதில் பிள்ளைகள் மாட்டிக்கொண்ட விதம் தனி. பெரியவர்களுக்கு வருமான வரம்பு ஒன்று, பிள்ளைகளுக்கு வேறு. டெக்சஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக வாழும் தாய்க்கு மெடிக்கெய்டு வேண்டுமென்றால் மாதம் சுமார் 230 டாலருக்கு மேல் சம்பாதிக்கக் கூடாது. மாதத்துக்குத்தான், வாரத்துக்கு இல்லை. அதே தாயின் பிள்ளைகளுக்கு, வறுமைக்கோட்டைப் போல் இரண்டு மடங்கு வருமானம் இருந்தாலும் சிப் கிடைக்கும்; 2024 கணக்கில் மூன்று பேர் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 51,000 டாலருக்கு மேல். போதாக்குறைக்குப் பிள்ளைகளுக்குள்ளேயே வயதுக்கு ஒரு வரம்பு. ஒரே வீட்டில் நாலு வயதுத் தங்கை மெடிக்கெய்டிலும் எட்டு வயது அண்ணன் சிப்பிலும் இருக்கிற குடும்பங்கள் உண்டு. இரண்டு அட்டை, இரண்டு தேதி, சில நேரம் இரண்டு மருத்துவர் பட்டியல்.

அம்மாவுக்குத் தகுதி போய்விடலாம், பிள்ளைக்கு இருக்கலாம். ஆகவே ஆளாளுக்குத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. பல மாநிலங்களின் கணினிகளோ குடும்பத்தை ஒரே மூட்டையாகப் பார்த்தன. அரசிடம் இருக்கும் தகவலை வைத்து எட்டு வயதுப் பையனுக்குத் தகுதி இருப்பது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அம்மாவுக்கு உறுதி செய்ய முடியவில்லை. கணினி என்ன செய்தது? பையனையும் சேர்த்து நிறுத்திவைத்து, வீட்டுக்கு ஒரு படிவம் அனுப்பியது. அம்மா அதை நிரப்பி அனுப்பவில்லை. "எனக்கு எப்படியும் கிடைக்காது" என்று தெரிந்தவர் ஏன் அனுப்பப் போகிறார்? அம்மா போனார், கூடவே பையனும் போனான்.

ஆகஸ்ட் 2023 கடைசியில், மெடிக்கெய்டை மேற்பார்வை பார்க்கும் மத்திய அரசின் சி.எம்.எஸ். அமைப்பு எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, உங்கள் கணினி இப்படிச் செய்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. முப்பது மாநிலங்கள் வரைக்கும் ஆமாம் என்றன. ஏறக்குறைய 5 லட்சம் பேரை, அதில் பெரும்பகுதி பிள்ளைகள், திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று. எனக்கு இதில் உறுத்துவது எண்ணிக்கை இல்லை. விதி வந்து பத்து வருடம் ஆகப் போகிறது. இந்தக் கோளாறு கொரோனாவுக்கு முன்னாலும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்த பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை, மொத்தமாக விழுந்தபோதுதான் எண்ணினார்கள்.

டென்னசியில் அதற்கும் முன்னாலேயே எண்ணினார்கள். எண்ணியது அரசு இல்லை, அங்குள்ள டென்னசியன் நாளிதழ். சில வருடங்களுக்குள் குறைந்தது 2,20,000 பிள்ளைகள் படிவம் தொடர்பான காரணங்களால் நீக்கப்பட்டார்கள், அல்லது நீக்கும் பட்டியலில் வைக்கப்பட்டார்கள் என்று 2019-இல் எழுதியது. 2020-இல் குடும்பங்கள் வழக்குப் போட்டன. ஆகஸ்ட் 2024-இல் நீதிபதி வேவர்லி கிரென்ஷா, மாநிலம் மெடிக்கெய்டு சட்டத்தையும் அரசியல் சாசனம் தரும் நியாயமான விசாரணை உரிமையையும் மீறியது என்று தீர்ப்புச் சொன்னார். ஏழைகளுக்கு மருத்துவம் கிடைப்பது அதிர்ஷ்டத்தையும் விடாப்பிடியையும் நல்ல வக்கீலையும் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மாநிலங்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதும் 2023-இல் தெரிந்தது. ஆர்கன்சா ஆறே மாதத்தில் எல்லாக் கோப்பையும் முடித்துவிடுவேன் என்று ஓடியது. அந்த டிசம்பரில் சுகாதாரச் செயலர் சேவியர் பெசெரா ஒன்பது ஆளுநர்களுக்கு எழுதினார். மார்ச் முதல் செப்டம்பர் வரை நாடு முழுக்க மெடிக்கெய்டிலும் சிப்பிலும் குறைந்த பிள்ளைகள் எண்ணிக்கையில் 60 சதவீதம் இந்த ஒன்பது மாநிலங்களில்தான். டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, ஒஹையோ எல்லாம் அதில் அடக்கம்.

இதெல்லாம் கணினியின் தலையெழுத்து, மாற்ற முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் லூசியானாவைத்தான் காட்டுவேன். பணக்கார மாநிலம் இல்லை. 2001 வாக்கில் அங்கே புதுப்பிக்கும் நேரத்தில் ஐந்து பிள்ளைகளில் ஒன்றுக்கு மேல் காகிதக் காரணத்தால் விழுந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து யோசித்தார்கள். உணவு மானியக் கோப்பில் வருமானம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்வோம் என்றார்கள். படிவம் வராவிட்டால் ஊழியரே வீட்டுக்குப் போன் போட்டு, பேச்சிலேயே முடித்துவிட வேண்டும் என்றார்கள். நடுவில் 2005-இல் கத்ரீனா புயல் வந்து பாதி முகவரிகளை அழித்துவிட்டுப் போனது. அப்படியும் 2009 வாக்கில் அந்த விழுக்காடு 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பிள்ளை விழுந்தால் அது குடும்பத்தின் தவறு என்று கணக்கெழுதாமல், அலுவலகத்தின் தவறு என்று எழுதத் தொடங்கினார்கள். மந்திரம் அவ்வளவுதான்.

சரி, சோதனையே வேண்டாமா? வேண்டும். பிள்ளையை வேறு மாநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், ஆனால் பழைய மாநிலம் மாதா மாதம் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டிக்கொண்டே இருக்கிறது. இது நடக்கிறது, சின்னத் தொகையும் இல்லை. அப்பாவுக்கு நல்ல வேலை கிடைத்து அலுவலகக் காப்பீட்டில் பிள்ளையும் சேர்ந்துவிட்ட குடும்பங்களும் உண்டு. அவர்களை எல்லாம் கண்டுபிடிக்கத்தான் வேண்டும். என் சண்டை வேறு இடத்தில். பதில் வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் வைத்துக்கொள்வது? இப்போது இருக்கும் முறை, பதில் இல்லையா, தகுதியும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அதைச் சொன்னால்கூட ஒரு வாதம் இருக்கலாம். கவரைப் பிரிக்கத் தெரியாத, படிவத்தில் கையெழுத்துப் போட முடியாத நாலு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது?

சேமிப்பும் நினைக்கிற அளவுக்கு இல்லை. அந்த இளைப்புப் பையன் விஷயத்தில் 90 நாளுக்குள் படிவம் போய்விட்டது, திரும்பச் சேர்ந்துவிட்டான். நடுவில் இருந்த வாரங்களில் அவன் அம்மா இன்ஹேலரை நாளுக்கு இரண்டு தடவை தருவதற்குப் பதில் ஒரு தடவை என்று மிச்சம் பிடித்திருக்கிறார். ஓர் இரவு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. காப்பீடு நின்ற தேதிக்கும் திரும்பச் சேர்ந்த தேதிக்கும் நடுவே வந்த பில்லை யார் கட்டுவது என்று மருத்துவமனையோடு நடந்த இழுபறியில் கொஞ்சம் நானும் இருந்தேன். மாநிலம் மிச்சம் பிடித்தது ஒரு குப்பி மருந்தின் விலை.

2022 டிசம்பரின் அதே சட்டத்தில் ஒரு நல்ல விஷயமும் இருந்தது. ஜனவரி 2024 முதல், 19 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை ஒரு முறை தகுதி பெற்றுவிட்டால் 12 மாதத்துக்கு நடுவில் கை வைக்கக் கூடாது. பெற்றோருக்கு ஓவர்டைம் கிடைத்த மாதத்தில் பிள்ளையைத் தூக்குகிற வேலை இனி நடக்காது. டெக்சஸ் முன்பெல்லாம் வருடத்தின் நடுவில் மாதா மாதம் வருமானம் பார்த்து, சந்தேகம் வந்தால் பத்து நாளில் பதில் கேட்டு எழுதும். அது நின்றது. ஃபுளோரிடா மட்டும், சிப் சந்தா கட்டாத பிள்ளையைக்கூட நீக்கக் கூடாதா என்று 2024 தொடக்கத்தில் மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டது. மாதச் சந்தா எவ்வளவு தெரியுமா? பெரும்பாலான குடும்பங்களுக்கு 15 அல்லது 20 டாலர்.

ஒரேகான், வாஷிங்டன், நியூ மெக்சிகோ மூன்றும் இன்னும் ஒரு படி போயின. சேர்ந்த பிள்ளைக்கு ஆறு வயது வரை சோதனையே கிடையாது. தடுப்பூசியும் வளர்ச்சிப் பரிசோதனையும் நெருக்கமாக வருகிற வயது அது. அந்த வருடங்களில் விட்டு விட்டுக் காப்பீடு இருந்து என்ன பயன்? இப்படிச் செய்ய ஒரேகானுக்கு மத்திய அரசின் அனுமதி 2022-இல் கிடைத்தது. ஜூலை 2025-இல் சி.எம்.எஸ். இனி இப்படிப்பட்ட அனுமதிகளைப் புதிதாகத் தருவதாகவோ நீட்டிப்பதாகவோ இல்லை என்று அறிவித்துவிட்டது. ஒரேகானின் அனுமதிக் காலம் செப்டம்பர் 2027-இல் முடிகிறது.

அதே ஜூலையில் டொனால்ட் டிரம்ப் கையெழுத்துப் போட்ட பெரிய பட்ஜெட் சட்டம் பிள்ளைகளின் 12 மாதத்தைத் தொடவில்லை. தொட்டது பெரியவர்களை. பெரியவர்களுக்கான வருமான வரம்பை உயர்த்தி மெடிக்கெய்டை விரிவுபடுத்திய மாநிலங்களில் அப்படிச் சேர்ந்த பெரியவர்களுக்கு, 2026 கடைசியிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு சோதனை. பிள்ளைக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். வீடு ஒன்றுதான், தபால் பெட்டி ஒன்றுதான். அம்மாவுக்கு வருடத்தில் இரண்டு கவர், பிள்ளைக்கு ஒன்று, தேதிகள் வேறு வேறு. "போன மாசம்தானே அனுப்பினேன்" என்று அம்மா ஒரு கவரை ஓரமாக வைப்பார். அது பிள்ளையுடையதாக இருக்கும். அலுவலகத்திலும் அதே ஆட்கள்தான், வேலை மட்டும் இரண்டு மடங்கு.

இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆராய்ச்சி மாணவர்களின், போஸ்ட்டாக் சம்பளத்தில் ஓடும் குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே பிறந்திருந்தால் குடிமக்கள்; வருமானம் பொருந்தினால் மெடிக்கெய்டு அவர்களுக்கும் உண்டு. எங்கள் கிளினிக்குக்கே வருகிறார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. "கிரீன் கார்டுக்கு இது இடிக்குமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். முன்மேஜையில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பதில் சொல்லக் கூடாது, குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள் என்பேன். வேறு சிலது சொல்லலாம். வீடு மாறினால் அஞ்சலகத்தில் மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள், மெடிக்கெய்டு அலுவலகத்துக்கும் தனியாகச் சொல்லுங்கள். மெடிக்கெய்டில் இருக்கும் தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் வரை தானாகவே காப்பீடு ஓடும், முதல் சோதனை அப்போதுதான் வரும். கேக் வாங்குகிற வாரத்தில் தபால் பெட்டியையும் பாருங்கள். நிறுத்தப் போகிறோம் என்று கடிதம் வந்தால், நிற்கும் தேதிக்கு முன்னால் மேல்முறையீடு கேட்டால் முடிவு வரும்வரை காப்பீட்டைத் தொடரச் சொல்லலாம். உதவித்தொகையை நிறுத்தும் முன் விசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1970-லேயே சொன்ன உரிமையின் வழியில் வந்தது அது. தேதி தாண்டிவிட்டதா, 90 நாளை எண்ணுங்கள். உங்களுக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தாலும் படிவத்தில் பிள்ளையின் பகுதியை நிரப்பி அனுப்பிவிடுங்கள், அப்புறம் போன் போட்டு வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். செவ்வாய் புதன் காலையில் வரிசை கொஞ்சம் சின்னதாக இருக்கும், எங்கள் ஊரில் அப்படித்தான்.